பஞ்சர் ஒட்டுவது இழிவா?

"ஒழுங்காகப் படிக்காவிட்டால் பஞ்சர் ஒட்டத்தான் போவாய்."

இந்தச் சொற்களைக் கேளாமல் பள்ளிப் படிப்பை முடித்த தமிழ்ப் பிள்ளை எவரேனும் உண்டா? மாடு மேய்ப்பதற்கும் மூட்டை தூக்குவதற்கும் அடுத்தபடியாக, நம் வீடுகளிலும் வகுப்பறைகளிலும் பிள்ளைகளை அச்சுறுத்த எடுத்தாளப்படும் தொழில் இதுவே. நாமும் சிறுவயதில் இதைக் கேட்டோம். குருமடத்தில் விவிலியக் கிரேக்கம் பயின்ற நாளில், ஒரு வினைச்சொல்லின் திரிபுகளை ஒப்புவிக்க இயலாமல் நின்றபோதும் கேட்டோம். வகுப்பே சிரித்தது, நாமும் சேர்ந்து சிரித்தோம். அச்சிரிப்புக்கு முப்பது ஆண்டுகளுக்கும் மேலாகிறது. அதற்குரிய கழுவாயாகவே இக்கட்டுரையை எழுதுகிறோம்.

அண்மையில் திருச்சபையின் பள்ளி ஒன்றில் பெற்றோர் கூட்டம் நடந்தது. நாமும் மேடையில் இருந்தோம். ஆசிரியர் ஒருவர், மதிப்பெண் குறைந்த மாணவன் ஒருவனை எழுப்பி நிறுத்தி, மேற்படி வாக்கியத்தை ஒலிபெருக்கியில் அருளினார். அவையில் சிரிப்பு எழுந்தது. நான்காம் வரிசையில், மகளின் மதிப்பெண் பட்டியலை வாங்கிப் போகக் கடையை ஒரு மணி நேரம் சாத்திவிட்டு வந்திருந்த சைக்கிள் கடைக்காரர் அமர்ந்திருந்தார். மண்ணெண்ணெயிலும் சோப்பிலும் கழுவியும் போகாத கறை அவருடைய நகக்கண்களில் இருந்தது. அவர் அக்கைகளை மடித்து மடிக்குள் வைத்துக்கொண்டதை நாம் கண்டோம். ஒலிபெருக்கி நம் கைக்கு வந்தபோது, அன்றைய கூட்டத்தைச் சிறப்பாக ஏற்பாடு செய்தமைக்கு நன்றி கூறி அமர்ந்தோம்.

மறுநாள் மாலை நம் பழைய சைக்கிளுக்குக் காற்றடிக்கச் சென்றபோது அவர் கேட்டார்: "சாமி, நான் செய்யிறது அவ்வளவு கேவலமான வேலைங்களா? பொண்ணு ராத்திரி சாப்பிடலீங்க."

"கடவுள் முன்னால எல்லா வேலையும் ஒண்ணுதாங்க" என்றோம். பல்லாண்டுகளாக மறையுரைகளில் தேய்ந்துபோன விடை அது. அவர் அதற்கு மறுமொழி கூறவில்லை. பம்பை எடுத்து வைத்துவிட்டு, காத்திருந்த வண்டியின் டயரை நெம்பத் தொடங்கினார். கடவுள் முன்னால் ஒன்றாக இருப்பது நம் முன்னால் மட்டும் ஏன் ஒன்றாக இல்லை என்று அவர் கேட்டிருந்தால் நம்மிடம் விடை இருந்திராது.

அக்கடையை நம் பங்கு மக்கள் எல்லாரும் அறிவர். கோவிலின் சுற்றுச்சுவர் முடியும் மூலையில், புங்கமரத்தின் அடியில், தகரக் கூரை வேய்ந்த சிறு கொட்டகை. இருபத்திரண்டு ஆண்டுகளாக அங்கே இருக்கிறது. மாதந்தோறும் பங்குக்கு வாடகை செலுத்துகிறது. உத்தரத்தில் பழைய டயர்களும் ரிம்களும் தொங்கும். ஒரு காலத்தில் மணிக்கணக்கில் வாடகைக்கு விடப்பட்ட சைக்கிள்களில் ஒரே ஒரு 'அரை வண்டி' மட்டும் சுவரோரம் எஞ்சி நிற்கிறது. குரங்கு பெடல் போட்டுப் பழகிய நம் ஊர்ப் பிள்ளைகளில் பாதிப்பேர் அதில்தான் முழங்காலைத் தேய்த்துக்கொண்டவர்கள். அவர்களுள் இருவர் இன்று மருத்துவர்கள்.

காலை ஆறு மணிக்குப் பால்காரரும் நாளிதழ் போடும் இளைஞரும் வருவர். எட்டு மணிக்குப் பள்ளிப் பிள்ளைகள்: பிரேக் பிடிக்கவில்லை, செயின் கழன்றுவிட்டது, வால்டியூப் போய்விட்டது. பத்து மணிக்குமேல் கூடை கட்டிய வண்டியோடு மீன் விற்கும் பெண்மணி. மாலையில் சித்தாள் வேலை முடிந்து திரும்புவோர். ஆகஸ்ட் 29-இல் வேளாங்கண்ணியில் கொடியேறும் நாள்கள் நெருங்கினால், சைக்கிளில் மூட்டை கட்டிச் செல்லும் திருப்பயணிகளுக்காக இரவு பத்து மணிவரை விளக்கு எரியும். அவர்களுக்குக் காற்றடிக்க அவர் காசு வாங்குவதில்லை. இதை அவர் எவரிடமும் சொன்னதில்லை. நின்று பார்த்ததால் நமக்குத் தெரியும்.

'பஞ்சர் ஒட்டுதல்' என்று ஏளனமாகச் சொல்லும் நாவினர், அதைச் செய்வதை ஒரு முறையேனும் அமர்ந்து பார்த்திருப்பார்களா? முதலில் ரிம்மிலிருந்து டயரின் ஒரு விளிம்பைப் பட்டையால் நெம்பி, உள்ளிருக்கும் டியூப் கிழிபடாமல் உருவ வேண்டும். காற்றேற்றித் தண்ணீர்ச் சட்டியில் சாண் சாணாக அமிழ்த்தி, குமிழி எழும் இடத்தைக் குறிக்க வேண்டும். அவ்விடத்தை உலர்த்தி, உப்புத்தாளால் தேய்த்து, சொல்யூஷன் தடவி, அது பதமாகக் காயும்வரை பொறுத்திருக்க வேண்டும். பொறுமையிழந்து ஈரத்திலேயே ஒட்டினால் நாளைக்கே விட்டுவிடும். ஒட்டியபின் மீண்டும் தண்ணீரில் அமிழ்த்திப் பார்க்க வேண்டும். எல்லாவற்றுக்கும் மேலாக, டயரின் உட்புறத்தை விரலால் தடவி, குத்திய முள்ளையோ ஆணியையோ தேடி எடுக்க வேண்டும். முள்ளை எடுக்காமல் ஓட்டையை மட்டும் அடைப்பவன் தொழிலறியாதவன். பாவப் பட்டியலைக் கேட்டு, பரிகாரம் கொடுத்து அனுப்பிவிட்டு, குத்திய முள்ளைத் தேடாத எத்தனையோ ஒப்புரவு மணித்துளிகள் நம் நினைவுக்கு வருகின்றன.

கோணிய சக்கரத்தில் கோட்டம் எடுப்பது இன்னும் நுண்ணிய வேலை. நம் ஊர்ச் சாதாரண சைக்கிளின் முன்சக்கரத்தில் 32 கம்பிகள், பின்சக்கரத்தில் 40. ஒவ்வொன்றும் ரிம்மை ஒரு பக்கமாக இழுக்கிறது. எதிர்ப்பக்கக் கம்பி அதைத் தடுத்து நிறுத்துகிறது. ஒன்றை முறுக்கினால் மற்றவற்றின் இழுவிசை மாறும். ஆகவே அவர் சக்கரத்தைச் சுழலவிட்டு, பிரேக் கட்டையில் உரசும் இடத்தைக் கண்டு, ஒரு புறத்துக் கம்பியைக் கால் திருகு இறுக்கி, மறுபுறத்தைக் கால் திருகு தளர்த்துகிறார். மீண்டும் சுழற்றிப் பார்க்கிறார். வன்மையாக ஒரே இடத்தில் முறுக்கினால் சக்கரம் நேராவதற்குப் பதில் முட்டை வடிவாகிவிடும். இக்கலையை அவர் எந்தக் கல்லூரியிலும் பயிலவில்லை. பன்னிரண்டு வயதில் மற்றொருவரின் கடையில் ஸ்பேனர் எடுத்துக் கொடுத்துப் பயின்றார்.

அவரிடம் நாம் கண்ட இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும். "டியூப்பை மாத்திடுங்க" என்று அவசரக்காரர் ஒருவர் சொன்னால், தண்ணீரில் அமிழ்த்திப் பார்த்துவிட்டு, "மாத்த வேணாங்க, ஒட்டுனாலே போதும்" என்பார். புது டியூப் விற்றால் அவருக்கு ஆதாயம் அதிகம். அதை வேண்டாமென்று சொல்லி, ஒட்டுக் கூலி முப்பது ரூபாயோடு நிறுத்திக்கொள்கிறார். பழுதானதை எறிந்துவிட்டுப் புதியதை வாங்கு என்று ஊரெங்கும் விளம்பரம் கூவும் காலத்தில், இது பழுதுதான், ஆனால் பாழல்ல என்று ஒருவர் ஒவ்வொரு நாளும் சொல்லிக்கொண்டிருக்கிறார். மறைந்த திருத்தந்தை பிரான்சிஸ் 2015-இல் 'லவுதாத்தோ சி' சுற்றுமடலில் 'தூக்கி எறியும் பண்பாட்டை'க் கண்டித்தார். நாம் அதைப் பற்றிக் கருத்தரங்கு நடத்தினோம். நெகிழித் தட்டுகளில் மதிய உணவும் உண்டோம். சுற்றுமடலை வாசித்தறியாத ஒருவர் சுவருக்கு அப்பால் அதைக் கடைப்பிடித்துக்கொண்டிருந்தார்.

இனி மறைநூலுக்கு வருவோம். நாசரேத்து ஊரார் இயேசுவை ஏளனம் செய்தது எச்சொல்லால்? மாற்கு நற்செய்தியின் ஆறாம் அதிகாரத்தைப் புரட்டுங்கள். இவர் தச்சரல்லவா என்பதே அவர்களுடைய இடறல். அவ்வசை மொழியின் உட்பொருளும் நம் ஆசிரியரின் வாக்கியத்தின் உட்பொருளும் ஒன்றே: கைத்தொழில் செய்பவனிடம் ஞானம் இருக்க வழியில்லை என்பது. மத்தேயு அதையே தச்சரின் மகன் என்று குறிக்கிறார். கிரேக்க மூலத்தில் உள்ள 'தெக்தோன்' என்னும் சொல், மரவேலை செய்பவரையும் கட்டுமானம் செய்பவரையும் குறிப்பது. இரண்டாம் நூற்றாண்டு மறைசாட்சியான புனித யுஸ்தீன், ஆண்டவர் ஏர்களும் நுகங்களும் செய்ததாக எழுதுகிறார். ஏர் செய்யும் பட்டறைக்கு உடைந்த ஏரும் வந்திருக்கும் அல்லவா? கலிலேயாவின் ஏழை உழவர் ஒவ்வோர் உழவுப் பருவத்திலும் புது ஏர் வாங்கியிருக்க மாட்டார். மீட்பரின் கைகள் உலகைப் பழுதுபார்ப்பதற்குமுன் பல்லாண்டுகள் மரத்தைப் பழுதுபார்த்திருக்கும் என்று எண்ணுவதில் தவறில்லை.

செபதேயுவின் மக்கள் யாக்கோபும் யோவானும் அழைக்கப்பட்டபோது என்ன செய்துகொண்டிருந்தார்கள்? படகில் அமர்ந்து வலைகளைப் பழுதுபார்த்துக்கொண்டிருந்தார்கள் என மாற்கு தெளிவாகக் குறிப்பிடுகிறார். அங்கே ஆளப்படும் கிரேக்க வினைச்சொல் 'கத்தார்திசோ'. அறுந்த வலையை முடிவதற்கும், முறிந்த எலும்பைப் பொருத்துவதற்கும் அக்காலத்தார் இச்சொல்லின் குடும்பத்தையே ஆண்டனர். திருத்தூதர் பவுல் கலாத்தியருக்கு எழுதிய மடலின் ஆறாம் அதிகாரத்தில், குற்றத்தில் அகப்பட்டவரைக் கனிவோடு திருத்துங்கள் என்று அறிவுறுத்தும்போது, 'திருத்துங்கள்' என்பதற்கு அவர் எழுதியதும் இதே வினைதான். எபேசியர் மடலில் இறைமக்களைத் திருப்பணிக்குத் தகுதியாக்குதல் என்பதற்கும் இதன் பெயர்ச்சொல்லே வருகிறது. வலையின் கிழிசலும் மனிதரின் வீழ்ச்சியும் திருச்சபையின் ஆயத்தமும் ஒரே சொல்லுக்குள் அடங்குகின்றன. பழுதுபார்த்தல் என்பது நற்செய்திக்கு அயலான தொழிலன்று. நற்செய்தி தன் பணியைப் பெயரிட்டு அழைக்கக் கடன் வாங்கிய தொழில். கிரேக்க வினை வராத மாணவனைப் பஞ்சர் ஒட்டப் போகச் சொன்ன அப்பேராசிரியரிடம் இன்று இதைச் சொல்ல வேண்டும் போலிருக்கிறது.

கைவினைஞருக்கு ஊர் இழைக்கும் அநீதியை முன்பே எழுதி வைத்தவர் சீராக்கின் ஞான ஆசிரியர். முப்பத்தெட்டாம் அதிகாரத்தில் உழவரையும் கொல்லரையும் குயவரையும் அவர் வரிசைப்படுத்துகிறார். இவர்கள் இல்லாமல் எந்நகரிலும் மனிதர் குடியிருக்க முடியாது என்கிறார். ஆயினும் மக்கள் மன்றத்தில் எவரும் இவர்களுடைய ஆலோசனையைக் கேட்பதில்லை என்பதையும் உள்ளபடி பதிவு செய்கிறார். நம் பங்குப் பேரவையின் உறுப்பினர் பட்டியலை எடுத்துப் பார்த்தோம். ஓய்வுபெற்ற அலுவலர், ஆசிரியர், ஒப்பந்ததாரர், வங்கி ஊழியர் என எல்லாரும் நல்லவர்களே. கையில் கறைபட உழைக்கும் ஒருவரும் அதில் இல்லை.

திருச்சபை இதில் வாய்மூடி இருந்ததில்லை. திருத்தந்தை 13-ஆம் லியோ 1891-இல் 'ரேரும் நோவாரும்' வழியாக நேரிய கூலியை நீதியின் கடமை என்று முழங்கினார். 2025-இல் தேர்ந்தெடுக்கப்பட்ட இன்றைய திருத்தந்தை அதே பெயரை ஏற்றதற்கு அச்சுற்றுமடலையே முதன்மைக் காரணமாகக் கூறினார். 1955-இல் 12-ஆம் பத்திநாதர் மே முதல் நாளைத் தொழிலாளரான புனித சூசையப்பரின் விழாவாக நிறுவினார். இளமையில் கற்சுரங்கத்திலும் வேதிப்பொருள் ஆலையிலும் வேலை செய்த இரண்டாம் அருள் சின்னப்பர், 1981-இல் 'லபோரெம் எக்சேர்சென்ஸ்' மடலில், வேலையின் மாண்புக்கு முதல் அளவுகோல் அது எவ்வகை வேலை என்பதன்று, அதைச் செய்பவர் மனிதர் என்பதே என்று விளக்கினார். போதனைக்குக் குறைவில்லை. நம் பள்ளியின் ஒலிபெருக்கிக்குத்தான் அது இன்னும் எட்டவில்லை.

"அப்படியானால் பிள்ளைகள் படிக்க வேண்டாமா? சைக்கிள் கடைக்காரர் மகளும் சைக்கிள் கடைதான் வைக்க வேண்டுமா?" என்று சிலர் வெகுள்வர். தந்தையின் தொழிலையே மகன் சுமக்க வேண்டும் என்னும் குலத்தளையால் இந்நாடு பட்ட துன்பம் போதும். அதை நாம் மீண்டும் அழைக்கவில்லை. அவரே தம் மகள் செவிலியராக வேண்டும் என்று விரும்புகிறார். அதற்காகவே அந்தக் கடையில் விளக்கு எரிகிறது. ஆனால் கல்வியின்மீது ஆசையூட்டுவது வேறு, உழைப்பின்மீது அருவருப்பூட்டுவது வேறு. தந்தையின் கையைக் கண்டு கூசும் பிள்ளை பெற்ற பட்டம் எத்தகைய கல்வி? நம் நாட்டில் இன்ன வேலை இழிவு, ஆகவே அதைச் செய்பவர் இழிந்தவர் என்னும் எண்ணம் எங்கிருந்து முளைத்தது என்பதை நாம் அறிவோம். சாதியின் வேரிலிருந்து வந்த அந்நச்சைத் தேர்வு மதிப்பெண் என்னும் புதுப் புட்டியில் ஊற்றிப் பிள்ளைகளுக்குப் புகட்டுகிறோம்.

மறுமொழியாக ரைட் சகோதரர்களை எடுத்துக்காட்ட நமக்கும் ஆசை எழுந்தது. பிராட்டஸ்டன்ட் பேராயர் ஒருவரின் மக்களான அவ்விருவரும் 1892-இல் அமெரிக்காவின் டேட்டன் நகரில் சைக்கிள் கடை தொடங்கியவர்கள். உயர்நிலைப் பள்ளிச் சான்றிதழ் பெறாதவர்கள். 1903-இல் பறந்து காட்டியவர்கள். ஆனால் இவ்வாதத்தைக் கைவிட்டோம். பறந்தால்தான் மதிப்பு என்றாகிவிடும். நம் மூலைக் கடைக்காரர் பறக்கப் போவதில்லை. அவர் ஒட்டிய டியூபில் ஒரு பிள்ளை நேரத்துக்குப் பள்ளி போய்ச் சேர்ந்தது என்பதே போதும்.

"சைக்கிள் காலம் முடிந்துவிட்டதே" என்பார் வேறு சிலர். ஸ்கூட்டர்களும் மோட்டார் சைக்கிள்களும் பெருகிவிட்டன. கடையின் வரும்படி குறைந்ததும் உண்மையே. ஆனால் யாருக்கு முடிந்தது? 1990-களின் தொடக்கத்தில் புதுக்கோட்டை மாவட்ட அறிவொளி இயக்கத்தில் ஆயிரக்கணக்கான பெண்கள் சைக்கிள் ஓட்டக் கற்றனர். எழுத்தோடு சக்கரமும் கைவந்தபோது அவர்கள் எவரையும் எதிர்பாராமல் சந்தைக்கும் வேலைக்கும் சென்றனர். 2001-இல் ஆதிதிராவிட, பழங்குடி மாணவியருக்குத் தமிழக அரசு விலையில்லாச் சைக்கிள் வழங்கத் தொடங்கி, பின்னர் அரசு, அரசு உதவிபெறும் பள்ளிகளின் பதினொன்றாம் வகுப்பு மாணவர்க்கு அதை விரிவாக்கியது. அவ்வண்டிகளை அரசு தந்தது, ஓடவைத்துக்கொண்டிருப்பவர் யார்? கிளைக் கிராமங்களுக்குச் சைக்கிளில் சென்று மறைக்கல்வி கற்பித்த உபதேசியார்களை நம் முதியோர் மறந்திருக்க மாட்டார்கள். அவர்களுடைய சக்கரத்துக்கு ஒட்டுப் போட்ட கைகளை எந்தப் பங்கு வரலாற்று மலரும் பதிவு செய்யவில்லை.

நகைக்கடையில் செய்கூலி, சேதாரம் என்று கேட்டதைக் கேட்டபடி எண்ணி வைக்கிறோம். அதே கையோடு வந்து, முப்பது ரூபாய் ஒட்டுக் கூலிக்கு "இருபது வச்சுக்கங்க" என்கிறோம். பத்து ரூபாயில் நமக்கு ஒன்றும் குறைவதில்லை; அவருக்கு அது அரைநாளின் தேநீர்ச் செலவு. நேரிய கூலியைப் பற்றிய போதனை ஆலை முதலாளிக்கு மட்டும் எழுதப்பட்டதன்று. சைக்கிள் கடை வாசலில் நிற்கும் நமக்கும் எழுதப்பட்டது.

இனி நம் குற்றத்தைச் சொல்ல வேண்டும். சுற்றுச்சுவரை ஒட்டி வணிக வளாகம் கட்டிப் பங்கின் வருவாயைப் பெருக்கலாம் என்று சென்ற ஆண்டு பேரவையில் தீர்மானம் வந்தது. அதன்படி மூலையில் உள்ள 'தகரக் கொட்டகை' அகற்றப்பட வேண்டும். தீர்மானத்தில் அதற்கு இடப்பட்ட பெயர் அதுதான். கடை என்றுகூட எழுதவில்லை. கோவில் முகப்பின் அழகு கெடுகிறது என்று ஒருவர் சொன்னார். எவரும் மறுக்கவில்லை. வளாகத்தின் வருவாயில் ஏழை மாணவர்க்கு உதவித்தொகை தரலாம் என்ற நியாயமும் கூறப்பட்டது. அத்தீர்மானத்தின் அடியில் நம் கையெழுத்து உள்ளது. ஏழையின் பிழைப்பை அகற்றி ஏழையின் பிள்ளைக்கு உதவித்தொகை தரும் விந்தையை அன்று நாம் உணரவில்லை. ஒலிபெருக்கியில் பேசிய ஆசிரியரைக் கடிந்துகொள்ள நமக்கு என்ன தகுதி? அவர் சொன்னதை நாம் கையெழுத்திட்டுச் செய்திருந்தோம்.

அக்கையெழுத்தை நாம் திரும்பப் பெறுகிறோம். அடுத்த பேரவைக் கூட்டத்தில் இதை முறைப்படி அறிவிப்போம். வளாகம் வேண்டுமானால் கட்டுவோம். அதன் முதல் கடை அவருக்கு, இன்றைய வாடகைக்கே தரப்பட வேண்டும். பேரவைக்குக் கைத்தொழில் செய்வோர் இருவரேனும் தேர்ந்தெடுக்கப்பட வேண்டும். கூட்டத்தை அவர்கள் கடையடைக்கும் நேரத்துக்குப்பின் வைக்க வேண்டும். உடலுழைப்புத் தொழிலாளர்க்கான 1982-ஆம் ஆண்டுத் தமிழகச் சட்டத்தின் வழியே நலவாரியங்கள் அமைந்துள்ளன. நம் பங்கின் உழைப்பாளர் எவரெவர் அவற்றில் பதிவு பெறலாம் என்று விசாரித்து, விண்ணப்பம் எழுதிக் கொடுக்கப் பங்கு அலுவலகம் வாரத்தில் ஒரு மாலை திறந்திருக்கும். நம் பள்ளி ஆசிரியப் பெருமக்களிடம் ஒன்றே வேண்டுகிறோம்: எத்தொழிலின் பெயரையும் தண்டனையாக உச்சரியாதீர்கள். அத்தொழிலால் உண்ணும் பிள்ளை உங்கள் முன்வரிசையில் அமர்ந்திருக்கிறது.

கடந்த மே முதல் நாள் சூசையப்பர் திருநாள் திருப்பலியில், காணிக்கைப் பவனியாக உழைப்பின் அடையாளங்களைப் பீடத்துக்குக் கொண்டுவந்தோம். மருத்துவரின் இதயத்துடிப்பு மானி வந்தது, ஆசிரியரின் நூல் வந்தது, மடிக்கணினியும் வந்தது. சுவருக்கு அப்பால் இருந்த தண்ணீர்ச் சட்டி வரவில்லை. அதைக் கேட்க வேண்டும் என்று எவருக்கும் தோன்றவில்லை, நமக்கும் தோன்றவில்லை. வரும் ஆண்டு அதைக் கொண்டுவருமாறு நாமே நேரில் சென்று கேட்போம். இப்போதைக்கு, அன்று மாலை தர இயலாத விடையை அவருக்கும் அவர் மகளுக்கும் இங்கே எழுதி வைக்கிறோம். ஐயா, நீங்கள் செய்வது கேவலமான வேலையன்று. சிரித்த நாங்கள்தாம் கேவலப்பட்டோம், எங்களை மன்னியுங்கள்.